மிச்சமானது யாருக்குப் போகிறது? கிறிஸ்தவ எளிமை பற்றி ஒரு பதில்

கேள்வி இது: "இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள் எளிமையாக வாழ வேண்டும் என்கிறார்கள். நடைமுறையில் அதற்கு என்ன அர்த்தம்? இருப்பதையெல்லாம் விற்றுவிட வேண்டுமா? குடும்பம், வேலை, வீட்டுக்கடன் எல்லாம் உள்ள ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?"

நேர்மையான கேள்வி. என் பதிலின் மையத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைவாகச் செலவழிப்பது பாதி வேலைதான். அப்படிக் குறைத்ததால் கையில் நிற்கும் பணமும் நேரமும் யாரைப் போய்ச் சேருகின்றன என்பதுதான் மீதிப் பாதி. அதைக் கேட்காத எளிமை வெறும் சிக்கனமாகவே நின்றுவிடும். சிக்கனத்துக்கு விசுவாசம் தேவையில்லை. கணக்குத் தெரிந்தால் போதும்.

வேதத்தில் இது மலைப்பிரசங்கத்துக்கு வெகுமுன்பே தொடங்குகிறது. யாத்திராகமம் 16-ல் வனாந்தரத்தில் மன்னா விழுகிறது. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. சிலர் அதிகமாகச் சேர்த்தார்கள், சிலர் குறைவாக. அளந்து பார்த்தபோது ஒருவருக்கும் மிஞ்சவில்லை, ஒருவருக்கும் குறையவில்லை. நாளைக்கென்று எடுத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் சேர்த்த இரட்டைப் பங்கு மட்டும் கெடவில்லை. எகிப்தில் பார்வோனின் களஞ்சியப் பட்டணங்களைக் கட்டிய அடிமைகள் இவர்கள். அவர்கள் விடுதலையானதும் கற்ற முதல் பாடங்களில் ஒன்று, குவித்து வைக்காமல் வாழ்வது. பல நூற்றாண்டுகள் கழித்துப் பவுல் இதே வசனத்தை எடுத்து 2 கொரிந்தியர் 8-ல் வைக்கிறார். எதற்காக? எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்குக் காணிக்கை சேர்ப்பதற்காக. வனாந்தரத்தில் தேவன் சமப்படுத்தியதைச் சபையில் நீங்கள் மனதார செய்யுங்கள் என்பது அவருடைய வாதம். பேச்சு கொஞ்சத்தில் வாழ்வதைப் பற்றி ஆரம்பித்துப் பகிர்வதில் போய் முடிகிறது.

லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவானையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவன் திருடியதாகவோ ஏமாற்றியதாகவோ இயேசு சொல்லவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் பெரிய களஞ்சியம் கட்டி எல்லாவற்றையும் சேர்த்துவைக்கத் திட்டமிடும்போது அவன் பேசுவதைக் கவனியுங்கள்: என் தானியம், என் களஞ்சியம், என் பொருள்கள், கடைசியில் என் ஆத்துமா. அவனுடைய திட்டத்தில் வேறொரு மனிதர் வருவதே இல்லை. "மதிகேடனே" என்று தேவன் அவனை அழைப்பது அவன் விளைச்சலுக்காக அல்ல. விளைந்ததை யாருக்கும் கொடுக்கத் தோன்றாத அந்தத் தனிமைக்காகவே. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவில், அந்நகரின் பேராயராக அறியப்படும் பசிலியார் இந்த உவமையின்மேல் ஒரு பிரசங்கம் செய்தார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் மேலாடை ஆடையில்லாதவனுடையது, மட்கிப்போகும் செருப்பு வெறுங்காலோடு நடப்பவனுடையது என்பது அதன் சாரம். அவர் பேசியதோடு நிற்கவில்லை. பஞ்சக் காலத்தில் உணவு திரட்டிக் கொடுத்தார். நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஒரு பெரிய இல்லத்தையே எழுப்பினார்.

சரி, எல்லாவற்றையும் விற்க வேண்டுமா?

சுவிசேஷங்களில் இதற்கு ஒரே அளவு கிடையாது. பணக்காரத் தலைவன் ஒருவனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு (லூக்கா 18), அடுத்த அதிகாரத்திலேயே வரி வசூலிப்பவனான சகேயு பாதியைத் தரித்திரருக்குக் கொடுப்பதாகச் சொன்னதும் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியை வைத்துக்கொண்டே அதனால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் (லூக்கா 8). பெத்தானியாவில் மார்த்தாளின் வீடு வீடாகவே இருந்தது. அங்கேதான் அவர் சாப்பிட்டார். நிலத்தை விற்று, விலையில் ஒரு பகுதியை மறைத்த அனனியாவிடம் (அப்போஸ்தலர் 5) பேதுருவும், விற்பதற்கு முன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்றுதான் கேட்கிறார். அவன் பொய்தான் அங்கே குற்றம்.

இதைப் படித்துவிட்டு "அப்பாடா, அந்தக் கட்டளை எனக்கில்லை" என்று மூச்சுவிடுவது ரொம்பச் சுலபம். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எகிப்தில் வாழ்ந்த இரண்டு பேரின் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு உதவியாக இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200-ல் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்ற கிறிஸ்தவ ஆசிரியர், அந்தப் பணக்காரனின் கதையை விளக்கும்போது, விட வேண்டியது பொருளின்மேலுள்ள பிடிப்பை என்றார். யாரிடமும் ஒன்றும் இல்லையென்றால் பசித்தவனுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டார். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதே நாட்டில், அந்தோனி என்ற இளைஞர் அதே வசனம் ஆலயத்தில் வாசிக்கப்படுவதைக் கேட்டு, பெற்றோர் விட்டுச்சென்ற சுமார் 300 அரூரா (எகிப்திய நில அளவு) நிலத்தை ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். தங்கைக்காகக் கொஞ்சம் வைத்திருந்தார். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தைப் பிறகு கேட்டதும் அதையும் கொடுத்தார். தங்கையை விசுவாசமுள்ள கன்னியரின் பொறுப்பில் விட்டார்.

கிளமெந்து சொன்னது சரி. ஆனால் அந்தோனிகள் இல்லாத சபையில் கிளமெந்தின் விளக்கம் சீக்கிரமே சாக்காக மாறிவிடும். "எனக்குப் பொருளின்மேல் பிடிப்பில்லை" என்பதை யாரும் சொல்லலாம். கொடுத்துப் பார்த்தால்தான் அது உண்மையா என்று தெரியும். எல்லாவற்றையும் விட அழைக்கப்பட்டவர்கள் சிலர். மற்ற எல்லாருக்கும் அவர்கள் ஓர் உரைகல்.

இரண்டுக்கும் நடுவே நிதானமான ஒரு வழியை ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில் பார்க்கிறேன். துறவிக்கு இரண்டு அங்கி போதும், துவைக்கும்போது மாற்றிக்கொள்ள. புதியது வாங்கினால் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது ஏழைகளுக்குப் போகும். துணியின் நிறத்தைப் பற்றியும் முரட்டுத்தனத்தைப் பற்றியும் புலம்பக் கூடாது. அந்தப் பகுதியில் மலிவாகக் கிடைப்பதே போதும். அதே ஒழுங்கில் இன்னொரு அதிகாரம், எல்லாருக்கும் ஒரே அளவு தேவையில்லை என்கிறது. குறைவாகத் தேவைப்படுகிறவர் தேவனுக்கு நன்றி சொல்லட்டும், சோர்ந்துபோக வேண்டாம். அதிகம் தேவைப்படுகிறவர் தன் பலவீனத்தை நினைத்துத் தாழ்மையாக இருக்கட்டும், இரக்கம் கிடைத்ததற்காகப் பெருமைப்பட வேண்டாம். எளிமை பேசுகிற இடங்களில் ஒருவரையொருவர் அளந்து பார்ப்பது வெகு சீக்கிரம் வந்துவிடும். அதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் படித்ததில்லை.

இப்போது ஜான் வெஸ்லி, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். குடும்பமும் சம்பளமும் உள்ளவர்களுக்கு என்னைக் கேட்டால் இவருடைய கணக்குதான் மிகவும் பயன்படும். ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டுகளில் ஒருவரைப் பற்றி அவர் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அவர் தன்னைத்தான் சொல்கிறார் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த மனிதருக்கு ஆண்டு வருமானம் 30 பவுன். 28-ல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 பவுன் வந்தது; அப்போதும் 28-லேயே வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90 வந்தது, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120, கொடுத்தது 92. வருமானம் நான்கு மடங்கானது, வாழ்க்கைச் செலவு நகரவில்லை. 1776-ல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கட்டாமல் மறைக்கிறாரோ என்று அதிகாரிகள் கடிதம் எழுதியபோது, லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு, அவ்வளவுதான் இருக்கிறது. சுற்றிலும் இத்தனை பேர் அப்பமில்லாமல் இருக்கும்போது இனி வாங்கப் போவதுமில்லை என்று பதில் போட்டார்.

ஆனால் வெஸ்லியிடம் நான் முக்கியமாகக் கற்றது அவருடைய கடைசிக் காலத்துக் கவலையிலிருந்துதான். முடிந்த அளவு சம்பாதி, முடிந்த அளவு மிச்சப்படுத்து, முடிந்த அளவு கொடு என்பது அவர் போதித்த மூன்று விதி. முதல் இரண்டையும் அவருடைய மக்கள் அருமையாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதை விட்டுவிட்டார்கள். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கிறது. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைக் கொண்டுவருகின்றன. செல்வம் கூடக்கூடப் பெருமையும் உலக ஆசையும் கூடி, பக்தி தேய்கிறது என்று 1786-ல் அவர் எழுதினார். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர அவருக்குத் தெரிந்த ஒரே வழி, சம்பாதித்து மிச்சப்படுத்துகிறவர்கள் அதே வேகத்தில் கொடுக்கவும் வேண்டும் என்பதுதான். இது எளிமையாக வாழ்கிற விசுவாசிகளுக்கே உரிய ஆபத்து. ஆடம்பரம் இல்லை, வீண் செலவு இல்லை, அதனாலேயே வங்கிக் கணக்கு பெருத்துக்கொண்டே போகிறது. லூக்கா 12-ன் மனிதன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். எளிமையாக உடுத்திக்கொண்டும் அதையே செய்ய முடியும்.

பணம் எங்கே போகிறது என்பதோடு, பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு ஜான் உல்மன். 1720-ல் நியூஜெர்சியில் பிறந்த குவேக்கர், அதாவது எளிமையையும் சமாதானத்தையும் வலியுறுத்தும் ஒரு கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர். தையல் தொழிலோடு சிறு கடையும் வைத்திருந்தார். கடை நன்றாக வளர்ந்தது. தனக்குத் தேவையானதைவிட வியாபாரம் பெருகுகிறது, மனம் அதிலேயே சிக்கிக்கொள்கிறது என்று கண்டு, 1756 வாக்கில் வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, கடையைக் குறைத்து நிறுத்திவிட்டார். தையலும் ஒரு பழத்தோட்டமும் போதும் என்றானது. அந்த விடுதலை அவருக்கு நேரத்தைக் கொடுத்தது. அந்த நேரத்தில் அவர் அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் பயணம் செய்து, அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளில் உட்கார்ந்து, கோபமில்லாமல், விடாமல் பேசினார். அந்த வீடுகளில் தங்கினால் தனக்கு வேலை செய்த அடிமைகளுக்கான கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார், சாயமிடாத துணி உடுத்தினார். 1772-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அலங்கார வேலைப்பாடுள்ள அறையை மறுத்து மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். அங்கே குதிரைகளும் வண்டியோட்டும் சிறுவர்களும் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, நடந்தே போனார். அந்த ஆண்டே யார்க் நகரில் பெரியம்மையால் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-ல், பிலடெல்பியா குவேக்கர் ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தது. உல்மன் ஒருவரால் மட்டும் அது நடக்கவில்லை; ஆனால் அவர் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

ஒருவர் தன் கடையைச் சிறிதாக்கியது இவ்வளவு தூரம் போனது. நாம் மலிவாக வாங்குகிற பொருளின் விலையை வேறு யாரோ தங்கள் உடம்பால் கட்டுகிறார்களா என்று கேட்பது எளிய வாழ்க்கையின் ஒரு பகுதி. அறுத்த வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5 சொல்வதும் இதைத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் சபைகள் இதை ஒன்றாகக் கூடிப் பேசத் தொடங்கின. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டின் உடன்படிக்கை, வசதியாக வாழும் விசுவாசிகள் எளிய வாழ்க்கை முறையை வளர்த்துக்கொள்ளும் கடமையை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியது. நிவாரணத்துக்கும் சுவிசேஷ ஊழியத்துக்கும் தாராளமாகக் கொடுப்பதற்காக என்று காரணத்தையும் கூடவே சொன்னது. 1980-ல் இங்கிலாந்தின் ஹொடெஸ்டனில் 27 நாடுகளிலிருந்து 85 பேர் கூடி இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்கள் சட்டதிட்டம் எதையும் போட மறுத்தார்கள். அதே சமயம் தேவைக்கும் ஆடம்பரத்துக்கும், எப்போதாவது வரும் கொண்டாட்டத்துக்கும் அன்றாட வழக்கத்துக்கும், உருவாக்கும் பொழுதுபோக்குக்கும் வெற்று அந்தஸ்துச் சின்னத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆலயக் கட்டடங்களில் வரும் வீண் செலவையும் சேர்த்தே சொன்னார்கள். அது மிகவும் தேவை. விசுவாசிகளுக்கு எளிமையைப் போதித்துவிட்டுச் சபையே பகட்டாக நடந்தால் அந்தப் போதனையை யார் நம்புவார்கள்?

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும்.

ஏழையிடம் போய் எளிமையைப் பிரசங்கிக்காதீர்கள். நீதிமொழிகள் 30-ல் ஆகூர், "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று இரண்டுக்கும் எதிராக ஜெபிக்கிறான். தரித்திரம் வந்தால் திருட நேரிடுமே என்று பயப்படுகிறான். 1933-ல் நியூயார்க்கில் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய டோரதி டே, தானாக ஏற்கும் எளிமையையும் மனிதரை நசுக்கும் வறுமையையும் பிரித்துப் பேசினார். முந்தையதை அவர் தழுவியதே பிந்தையதில் சிக்கியவர்களோடு நிற்பதற்காக. கூலி கிடைக்காதவருக்கு வேண்டியது நியாயம். அவரிடம் "போதுமென்ற மனம்" பற்றிப் பேசுவது கொடுமை.

அப்புறம், படைப்பை வெறுக்கும் கடுமை எளிமை ஆகாது. தொடாதே, ருசிபாராதே என்ற கட்டளைகள் ஞானம்போலத் தோன்றினாலும் மாம்சத்தை அடக்க உதவாது என்று கொலோசெயர் 2 சொல்கிறது. இயேசுவைப் போஜனப்பிரியன் என்றே திட்டினார்கள். முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாம் என்று மற்றவர்கள் முறுமுறுத்த தைலம், ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஓர் ஆண்டுக் கூலி, அவர்மேல் ஒரே வேளையில் ஊற்றப்பட்டது. அவர் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். அன்புக்காக ஒருமுறை தாராளமாகச் செலவழிக்கத் தெரியாதவர் எளிமையானவர் என்று நான் நம்பமாட்டேன். அவர் கஞ்சராக இருக்கலாம்.

குடும்பத்தைப் பலி கொடுத்தும் எளிமையாக வாழ முடியாது. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை மாற்கு 7-ல் இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். கணவனோ மனைவியோ மற்றவரைக் கேட்காமல் எடுக்கும் "விசுவாசத் தீர்மானம்" பல வீடுகளில் விசுவாசத்தையே கசப்பாக்கிவிடுகிறது. பிள்ளைகள் விஷயத்திலும் அப்படியே: "நமக்கு வேண்டாம்" என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியும். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று சேர்ந்து முடிவு செய்கிற பிள்ளை அதே வீட்டில் வேறு மாதிரி வளரும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பொருள்களைத் தூக்கிப் போடுவதிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டைக் காலி செய்து புகைப்படம்போல ஆக்குவது இன்று ஒரு மோகம். காலியான இடம் மறுபடி நிரம்ப நாளாகாது. முதலில் ஒரு மாதச் செலவை நேர்மையாக எழுதிப் பாருங்கள், தம்பதியாகச் சேர்ந்து, ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல். அப்புறம் கொடுப்பதை மாத முதல் நாளுக்கு நகர்த்துங்கள். மீந்ததைக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது. தசமபாகம் நல்ல தொடக்கம். ஆனால் பத்தில் ஒன்றைக் கொடுத்ததும் மீதி ஒன்பதைப் பற்றித் தேவனுக்குக் கேள்வியே இல்லை என்று நினைக்க அது ஒரு வழியாகிவிடக் கூடாது. கொடுப்பது முகம் தெரிந்த ஒருவருக்கும் இருக்கட்டும். அமைப்புகள் வழியாகக் கொடுப்பது அவசியம்தான், ஆனால் ஒரு மனிதரின் கஷ்டத்தோடு தொடர்பு இல்லாமல் எளிமையாக வாழும் ஆசை நீண்ட நாள் நிற்காது. இடது கைக்குத் தெரியாமல் செய்யுங்கள். பெற்றவரின் மானமும் அதில் காக்கப்படும்.

வாங்கும் விஷயத்தில் பெரிய விதிகள் வேண்டாம். கைப்பேசியில் ஒரு விரல் தொட்டால் பொருள் வீட்டுக்கு வரும் காலத்தில், ஒரு வாரம் தள்ளிப்போடுவது ஒன்றே போதும். பாதி ஆசைகள் அதற்குள் மறந்துபோகும். எப்போதாவது தேவைப்படுகிற கருவிகள், ஏணி, தையல் இயந்திரம் போன்றவை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருக்க வேண்டியதில்லை. சபைக் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து பகிர்ந்துகொண்டால், அப்போஸ்தலர் 4-ல் சொன்ன "சகலமும் பொதுவாயிருந்தது" என்பதன் சிறு துளியாவது நமக்குக் கிடைக்கும்.

நேரத்தையும் மறக்காதீர்கள். பணத்தில் எளிமையாக இருந்துகொண்டு ஒரு மணி நேரம்கூட யாருக்கும் ஒதுக்க முடியாமல் ஓடுகிறவர்கள் நிறைய பேர். சபைப் பொறுப்புகளால் அப்படி ஓடுகிறவர்களும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் சம்பாதிக்காமல், வாங்காமல் இருக்கும் ஓய்வுநாள், மன்னா கற்றுத்தந்த அதே நம்பிக்கையை உடம்புக்கும் கற்றுத்தரும்.

கடைசியாக வீட்டுக்கடன். கடன் இருக்கிறது என்பதால் எளிமையாக வாழத் தகுதியில்லை என்று நினைக்க வேண்டாம். வாக்குக் கொடுத்த தவணையை ஒழுங்காகக் கட்டுவதும் நீதிதான். கடன் தீரும்வரை கொடுப்பதை முழுக்க நிறுத்திவைக்கவும் வேண்டாம், சிறிதாக இருந்தாலும் தொடரட்டும். வெஸ்லியின் கணக்கை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். இன்று உங்கள் குடும்பம் கண்ணியமாக வாழ எவ்வளவு வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து ஓர் அளவு குறியுங்கள். விலைவாசிக்கும், பிள்ளைகள் வளர்வதற்கும், வயதான பெற்றோருக்கும் தாராளமாக இடம் விட்டே குறியுங்கள். அடுத்த சம்பள உயர்வு வரும்போதும், பிறகு கடைசித் தவணை முடிகிற மாதத்திலும், அந்த அளவுக்கு மேல் நிற்கும் தொகை எங்கே போகும் என்பதை இப்போதே பேசி எழுதி வையுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது கஷ்டம்.